"எப்பவும் போல" என்றால் எவ்வளவு? வீட்டிலேயே காபி கலக்கும் கணக்கு

(சென்ற காலாண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தபின் நம் கம்யூனிட்டி ஹாலில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரிப்பேர், விசிட்டர் பார்க்கிங் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். "சார், ஒரு இருபது நிமிஷம் பேசுங்க, அப்புறம் எல்லாருக்கும் காபி" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆக, உங்களுக்கும் காபிக்கும் நடுவில் நிற்கிற ஆள் நான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காபி வியாபாரி இல்லை, எஸ்டேட்காரனும் இல்லை. வங்கியில் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவன். அதனால் என் பேச்சில் ருசியைவிடக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "சாயங்காலம் காபி குடிக்கிறீங்களா? எத்தனை மணிக்கு? எவ்வளவு ஸ்ட்ராங்?" மணி மட்டும்தான் எங்களால் சொல்ல முடிந்தது. ஆறு மணி. எவ்வளவு ஸ்ட்ராங் என்பதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. "சாயங்காலக் காபியை விட்டுப் பாருங்களேன்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒன்று சொன்னாள். "காபியை விட்டுட்டா, ஆறு மணிக்கு நாம ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிறது?" பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பகலெல்லாம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பால்கனியில் டபரா டம்ளரோடு உட்காருகிற அந்த அரை மணிதான் எங்களுக்கு மிச்சம். அதை விட எனக்கு மனசு வரவில்லை. காபியை விடாமல், அதில் உள்ளதை மாற்ற முடியுமா என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் வழக்கமாகப் பொடி வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "எப்பவும் போலதானே சார்?" என்றார். முப்பது வருஷமாக அதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன்: "எப்பவும் போலன்னா என்னப்பா அது?" அவர் சிரித்துவிட்டு, "பாதிக்குப் பாதி பிளான்டேஷனும் ரொபஸ்டாவும், இருபது சிக்கரி. நீங்கதானே சார் மொதல்ல ஸ்ட்ராங்கா வேணும்னு கேட்டீங்க" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. கேட்டதைக் கொடுத்தார். கேட்டது என்னவென்று கேட்டவனுக்குத்தான் தெரியவில்லை.

"ஸ்ட்ராங்" என்பது மூன்று சங்கதி

நாம் ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று, காஃபீன். உடம்பைத் தட்டி எழுப்புவதும் தூக்கத்தை விரட்டுவதும் இதுதான். இரண்டு, கசப்பு. நாக்கில் படுகிற அந்தச் சுரீர். மூன்று, கெட்டித்தனம். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன் இறங்குகிறது என்கிறோமே, அது. பால் சேர்த்த பிறகும் தண்ணியாகத் தெரியாத அந்தக் கனம்.

இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. காஃபீன் பெரும்பாலும் கொட்டையின் ஜாதியைப் பொறுத்தது. கசப்பில் வறுப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. கனத்தில் பெரும் பங்கு சிக்கரிக்கு. இது புரிந்துவிட்டால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் காபி கலப்பது என்பதன் முழு சூட்சுமமும் இவ்வளவுதான். மீதி விவரம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

கொட்டையில் இரண்டு பெரிய ஜாதி. அராபிகா, ரொபஸ்டா. அராபிகா உயரமான மலையில் நிழலில் வளர்வது. வாசனையும் இலேசான புளிப்பும் அதன் குணம். ரொபஸ்டா தாழ்வான மலைச்சரிவிலும் தாக்குப்பிடிக்கும். கசப்பும் கனமும் நுரையும் அதன் குணம். காஃபீன் அராபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2.2 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்தது, கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள். பழத்தின் சதையை நீக்கி, கழுவி, உலர்த்தினால் அராபிகாவுக்குப் பிளான்டேஷன் என்று பெயர், ரொபஸ்டாவுக்குப் பார்ச்மென்ட். பழத்தை அப்படியே முழுசாகக் காயவைத்து உடைத்தால் இரண்டுக்குமே செர்ரி. பிளான்டேஷன் ஏ, பி, சி என்பதெல்லாம் சல்லடையில் பிரித்த அளவு. பரீட்சை மார்க் மாதிரி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஏ என்றால் கொட்டை பெரிசு, அதைவிடப் பெரிசு ஏஏ.

இப்போது நம் எல்லோருக்கும் பிடித்த பீபெரிக்கு வருகிறேன். இங்கே எத்தனை பேர் "பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன் ஏ" வாங்குகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நல்ல கூட்டம்தான். பீபெரி என்பது தனி ஜாதி இல்லை. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு பருப்பு, முதுகு உருண்டையாகவும் வயிறு தட்டையாகவும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழத்தில் ஒன்றுதான் வளரும். இடம் தாராளமாக இருப்பதால் அது உருண்டையாக முற்றும். அதுதான் பீபெரி. நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள் கிடைக்கும். உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு சமமாக வறுபடும்.

முக்கியமான சேதி என்னவென்றால், அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரொபஸ்டாவிலும் பீபெரி உண்டு. ஆகையால் வெறுமனே "பீபெரி" என்று கேட்டு வாங்குவது, "பெரிய பையனை அனுப்புங்க" என்று சொல்வது மாதிரி. எந்த வீட்டுப் பெரிய பையன்? "அராபிகா பீபெரியா, ரொபஸ்டா பீபெரியா?" என்று கேளுங்கள். இன்று என் பேச்சில் வேறு எதுவும் நினைவில்லாவிட்டாலும் இந்தக் கேள்வி ஒன்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

வறுப்பு

மீடியம், டார்க் என்று இரண்டு வறுப்பு நமக்குப் போதும். மிக இலேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு நிற்கும். நம்மைப் போலப் பால் விட்டுக் குடிப்பவர்களுக்கு அது ஒத்துவராது. மீடியத்தில் வாசனை முழுசாக இருக்கும். டார்க்கில் கசப்பும், கொஞ்சம் கருகல் இனிப்பும் இருக்கும். ஆனால் கொட்டைக்கே உரிய வாசனை குறைந்துவிடும். டார்க்காக வறுத்தால் காஃபீன் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். வறுப்பில் காஃபீன் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது ருசிதான்.

இங்கேதான் ஒரு நல்ல வழி கிடைக்கிறது. ஒரே கொட்டையை இரண்டு விதமாக வறுத்துக் கலக்கலாம். பிளான்டேஷன் ஏ-யில் முக்கால் பங்கு மீடியம், கால் பங்கு டார்க். வாசனைக்கு முதல் பங்கு, கசப்புக்கு இரண்டாவது. ரொபஸ்டா சேர்க்காமலே "ஸ்ட்ராங்" என்று நாக்கு ஏமாந்துவிடும். தூக்கம் ஏமாறாது.

அராபிகாவையும் ரொபஸ்டாவையும் ஒன்றாகப் போட்டு வறுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சூடு வாங்கும். ஒன்று பதமாகும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும், அல்லது கருகும். தனித்தனியாக வறுத்த பிறகுதான் கலக்க வேண்டும்.

ஒரு மன்னிப்பு

வறுப்பு என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், அந்த ஆள் நான்தான்.

ஆரம்ப ஜோரில் நானே வறுக்கிறேன் என்று பச்சைக் கொட்டை வாங்கி வந்தேன். இரும்பு வாணலியில் 150 கிராம் போட்டுக் கை விடாமல் கிளறினேன். பச்சை நிறம் மஞ்சளாகி, புல் வாசனை போய் ரொட்டி வாசனை வந்து, 200 டிகிரி சுமாருக்கு வந்ததும் பொரி மாதிரி படபடவென்று வெடித்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதையும் தாண்டி டார்க் ஆகட்டும் என்று விட்டேன். இரண்டாவது தடவை சன்னமாக வெடிக்க ஆரம்பித்தபோது வீடு முழுக்கப் புகை. உமி மாதிரி தோல் சமையலறை எங்கும் பறந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். அது புகையை அப்படியே டக்டுக்குள் தள்ளிற்று. டக்ட் எங்கே போகிறது? மேல் வீட்டுக்கு.

ஐந்து நிமிஷத்தில் மேல் வீட்டு அம்மா வாசலில் நின்றார். "அங்கிள், உங்க வீட்ல ஏதாவது கருகுதா? பாப்பாவுக்கு இழுப்பு வந்துடுச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பின்னால் குழந்தை இன்ஹேலரோடு நின்றிருந்தது. எனக்கு அன்றைக்கு அந்தக் காபி இறங்கவில்லை.

நம் பைலாவில் காபி வறுக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவும் வேண்டாம். ஒரே சுவரையும் ஒரே டக்டையும் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறோம் என்பதை நான் மறந்ததுதான் விஷயம். அன்று வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டேன். இன்று எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன். அதோடு வறுப்பை விட்டேன். கடைக்காரரிடமே மீடியம் ஒரு பொட்டலம், டார்க் ஒரு பொட்டலம் என்று வறுத்த கொட்டையாக வாங்கிக்கொள்கிறேன். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: வறுப்பைக் கடைக்கு விடுங்கள், கலப்பை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூன் கணக்கு

பொடியைக் கலந்து பார்த்து, பிடிக்காமல் போய், கால் கிலோ வீணாகும் என்ற பயமே வேண்டாம். பொடியைக் கலக்காதீர்கள். முதலில் டிகாக்ஷனைக் கலந்து பாருங்கள்.

சின்ன பில்டர் மூன்று இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். ஒன்றில் அராபிகா மீடியம், ஒன்றில் அராபிகா டார்க், ஒன்றில் ரொபஸ்டா. சிக்கரி எதிலும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 20 கிராம் பொடி, நன்றாகக் கொதித்து இறக்கிய தண்ணீர் 120 மில்லி. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே 80 மில்லி அளவில் இறங்கும். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

பிறகு டம்ளர்களில் ஸ்பூனால் கலந்து பாருங்கள். மீடியம் ஏழு, டார்க் மூன்று. மீடியம் ஆறு, டார்க் இரண்டு, ரொபஸ்டா இரண்டு. மீடியம் ஐந்து, ரொபஸ்டா ஐந்து. எல்லாவற்றிலும் பத்து ஸ்பூன்தான். பாலும் சர்க்கரையும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. டம்ளரின் அடியில் அ, ஆ, இ என்று எழுதி ஒட்டிவிட்டு, கலந்தவர் அல்லாமல் வேறொருவர் இடம் மாற்றி வைக்க வேண்டும். குடிப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது.

எங்கள் வீட்டில் அவள் மாற்றி வைத்தாள், நான் குடித்தேன். பிறகு நான் மாற்றி வைத்தேன், அவள் குடித்தாள். முப்பது வருஷம் நான் சத்தியம் செய்துவந்த பாதிக்குப் பாதி கலவையை நானே மூன்றாம் இடத்தில் வைத்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிடித்த விகிதம் கிடைத்ததும் அதே விகிதத்தில் பொடியைக் கலந்து, கடைசியாகச் சிக்கரியைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஜிட்டல் தராசு இருந்தால் உத்தமம். குவித்த ஸ்பூன், தலைதட்டின ஸ்பூன் என்பதெல்லாம் கைக்குக் கை மாறும்.

சிக்கரிக்கு ஒரு வார்த்தை

சிக்கரி என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காபியைவிட மலிவு. அதனால் கலப்படம் என்று ஒரு கெட்ட பெயர். எவ்வளவு என்று தெரியாமல் வாங்கினால் அந்தப் பெயர் நியாயம்தான். நம் நாட்டுச் சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அடுத்த தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 60:40 என்று இருந்தால் அரைக் கிலோவில் 200 கிராம் சிக்கரி. அந்த விலைக்கு அது சரியா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சிக்கரியில் இரண்டு நல்ல குணம் உண்டு. தண்ணீரில் கரையும் பகுதி காபியைவிட அதில் மிக அதிகம். அதனால் கொஞ்சம் சேர்த்தாலே நிறமும் கனமும் வரும். இன்னொன்று, அதில் காஃபீன் கிடையாது. எங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு வழி விட்டது இந்த இரண்டாவது குணம்தான்.

கணக்கைச் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரு வேளைக்கு 20 கிராம் பொடி. பழைய "எப்பவும் போல"வில் அராபிகா 8 கிராம், ரொபஸ்டா 8, சிக்கரி 4. காஃபீன் சுமார் 270 மில்லிகிராம்.

இப்போது காலைக்கு: அராபிகா மீடியம் 50 சதவீதம், அராபிகா டார்க் 20, ரொபஸ்டா பார்ச்மென்ட் 15, சிக்கரி 15. காஃபீன் 235 அளவில். காலைதானே, இருக்கட்டும்.

மாலைக்கு: அராபிகா மீடியம் 45, டார்க் 20, சிக்கரி 35. ரொபஸ்டா கிடையாது. காஃபீன் 155 அளவில். பொடியில் உள்ளது முழுவதும் டிகாக்ஷனில் இறங்காது. ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும். கசப்புக்கு டார்க் இருக்கிறது, கனத்துக்குச் சிக்கரி இருக்கிறது. குடிக்கும்போது எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தோம். ஆறு மணியை நாலு மணி ஆக்கினோம். உள்ளே போன காஃபீனில் பாதி குறையவே பெரியவர்களுக்கு ஐந்து மணி நேரம் சுமாருக்கு ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கிறது என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்?

சில்லறை விஷயங்கள்

கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைப்பது நல்லது. அரைத்த பொடியில் வாசனை சீக்கிரம் பறந்துவிடும். பத்து நாளைக்கு மேல் வருகிற அளவு வாங்க வேண்டாம். அன்றே வறுத்த கொட்டை என்றால் ஓரிரு நாள் விட்டு அரையுங்கள். உள்ளிருக்கும் வாயு கொஞ்சம் வெளியேறட்டும்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி வாசனை போகும். சாம்பார்பொடி அரைத்த ஜார் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் தனியா எட்டிப் பார்க்கும்.

சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி பிடிக்கும். அதைத் தனி டப்பாவில் இறுக மூடி வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். டிகாக்ஷன் இறங்காமல் பில்டர் அடைத்துக்கொண்டால் ஒன்று பொடி மிக நைஸ், அல்லது சிக்கரி அதிகம், அல்லது மேலே அழுத்தும் தட்டை ரொம்ப அழுத்திவிட்டீர்கள். டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். சூடு வேண்டுமென்றால் வெந்நீரில் பாத்திரத்தோடு வையுங்கள்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வயிற்றுப் புண் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் என் கணக்கை வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அவர் "எவ்வளவு ஸ்ட்ராங்?" என்று கேட்டால், இனிமேல் உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

என் மனைவிக்கு இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான நாள் பதினொரு மணிக்குள் தூங்கிவிடுகிறாள். கலவையை மாற்றியதாலா, நேரத்தை மாற்றியதாலா, தினமும் சாயங்காலம் நடக்க ஆரம்பித்ததாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாலு மணிக்குப் பால்கனியில் இரண்டு டம்ளர் இருக்கிறது. அது போதும்.

பின்னால் மேஜையில் மூன்று பிளாஸ்க் வைத்திருக்கிறோம். அ, ஆ, இ என்று எழுதியிருக்கிறது. எதில் என்ன என்று என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் சொல்லவில்லை. மூன்றையும் குடித்துப் பார்த்து, பிடித்ததைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். மேல் வீட்டுப் பாப்பாவுக்குத் தனியாகப் பால் இருக்கிறது. சீட்டு எண்ணும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருக்கிறோம்.

வாங்க, காபி ஆறுகிறது.